பதினேழு வளைவு ஏறிய குட்டைக் கிட்டார்

1975ஆம் வருஷம் நவராத்திரியின் நாலாம் நாள் சாயங்காலம் ஏழு மணிக்குப் போடிநாயக்கனூர் கடைவீதி மேடையில் ராக்கையா வாசித்த பேஸ் கிட்டார், மறுநாள் பகல் பதினோரு மணிக்குப் போடிமெட்டில் கேட்டது. இடைப்பட்ட பதினாறு மணி நேரமும் அது மலை ஏறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வானம் மூட்டமாக இருந்தது. ஏலக்காய் விலையில் ஏற்ற இறக்கம் ஒன்றும் இல்லை. போடிமெட்டு ரோட்டோரத் தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்த முப்பத்திரண்டு பேரும் அதைக் கேட்டார்கள். முதலில் செடித் தூரில் கிடந்த சருகு ஆடியது. பிறகு கூடையில் கிடந்த காய்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. அதன் பிறகு அடிவயிற்றில் யாரோ உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளுவதுபோல் தும் தும் என்று ஒரு பாட்டு. முப்பத்திரண்டு பேரில் ஒருத்தி ராக்கையாவின் பெண்சாதி வேலுத்தாய். தினமும் கருக்கலில் ஜீப்பேறி மேலே போய், பொழுது சாயக் கீழே இறங்குகிறவள். முந்தின நாள் மேடைக்கு எதிரே பாய் விரித்து உட்கார்ந்து, புருஷனின் விரல் ஓடியதைக் கண்ணால் பார்த்திருந்தாள், காதால் கேட்கவில்லை. ஊரிலேயே ஒருவரும் கேட்கவில்லை. இப்போது கூடையை இறக்கி வைத்துவிட்டு, “எங்க வீட்டுக்காரரு நேத்து வாசிச்சது இப்பத்தான் வந்து சேருது” என்று பக்கத்து வரிசைக்காரியிடம் சொன்னாள். அவளும் ஆச்சரியப்படவில்லை. மலைக்கு எது வந்தாலும் தாமதமாகத்தான் வரும். தபால், ரேஷன் சீனி, தேர்தல் முடிவு எல்லாமே அப்படித்தான்.

அந்தக் கிட்டார் ராக்கையாவிடம் வந்து சேர்ந்த கதை இரண்டு வருஷம் பின்னால் கிடக்கிறது. போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவனுக்கு மோட்டார் வைண்டிங் கடை. கிணற்று மோட்டார் புகைந்தால் கழற்றிக்கொண்டு வந்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது சோலி. 1973இல் மலைமேல் ஒரு எஸ்டேட் கிளப்பை மூடப் போகிறவர்கள், நின்றுபோன ஜெனரேட்டரை ஓடவைத்து விற்கலாம் என்று இவனைக் கூப்பிட்டார்கள். தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்தவர்கள் நாலு மாதமாகத் தலையைச் சொறிந்துவிட்டுப் போன ஜெனரேட்டர், ராக்கையா கைபட்ட அன்றே மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஓடியது. அங்கிருந்த மேனேஜர் மனசு நிறைந்து, உள்ளே கிடப்பதில் எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றார். காட்டெருமைத் தலை ஒன்று சுவரில் இருந்தது. பித்தளைப் பூச்சாடிகள் இருந்தன. ராக்கையா மூலையில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்ததை எடுத்தான். நடுவில் மாம்பழ மஞ்சள், ஓரமெல்லாம் காய்ந்த மிளகாய்ச் சிவப்பு. நாலே கம்பி வைக்கிற பேஸ் கிட்டார், அதிலும் இரண்டு கம்பி அறுந்திருந்தது. அடிக்குரலுக்கென்றே ஆன வாத்தியம். அதிலும் இது குட்டை ஜாதி. ஊர் உலகத்து பேஸ் கிட்டாருக்குக் கம்பியின் ஓட்டம் முப்பத்திநாலு அங்குலம் என்றால் இதற்கு முப்பதுதான். ராக்கையாவும் குட்டை, கல்யாணத்தில் மாலை மாற்ற வேலுத்தாய் குனிந்து கொடுத்ததை ஊர் பார்த்திருக்கிறது. தோளில் மாட்டியதும் இடது கை எட்டி வலிக்காமல் தலைப்பக்கத்துக் கடைசிக் கட்டைவரை தானாகப் போய்த் தொட்டது. சட்டை முதல் சைக்கிள் வரை பெரிய சைஸையே அட்ஜஸ்ட் பண்ணி வாழ்ந்தவனுக்கு, அவனுக்கென்றே அளவெடுத்தாற்போல ஒரு சாமான் கையில் வந்தது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும்போது பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் அதை மடியில் கிடத்தி, தலைப்பக்கம் இடிக்காமல் உள்ளங்கையை அணைக் கொடுத்தபடியே வந்தான்.

“என்னண்ணே, பிள்ளை பெத்துக் கூட்டியாறீகளா?” என்று கேட்டான் ஜீப் ஓட்டிய ஒச்சப்பன்.

“ஆமா. தலைப்பிள்ளை. மெல்ல ஓட்டு” என்றான் ராக்கையா, சிரிக்காமல்.

வந்த மறுநாளே அதைப் பிரித்துப் போட்டான். ஒரு பொருளைப் பிரித்துப் பார்க்காமல் தன்னுடையது என்று சொல்ல அவனுக்கு வராது. மின்சாரக் கிட்டாருக்கு உயிர் இருக்கிற இடம், கம்பிகளுக்குக் கீழே ஒளிந்திருக்கும் காந்தச் சுருள், பிக்கப் என்பார்கள். அதில் சுற்றியிருக்கும் கம்பி தலைமுடியைவிட மெல்லிசு. அதை எலி தின்றிருந்தது. மதுரை வரை போய்த் தேடியும் அந்த மெல்லிசுக் கம்பி அகப்படவில்லை. அந்த வாரம் மாமனார் பெரியகருப்பனின் கிணற்று மோட்டார் ஒருபக்கம் கருகிக் கடைக்கு வந்திருந்தது. வைண்டிங் தொழிலில் ஒரு நேர்மை உண்டு: உருவிய பழைய செம்பு மோட்டார்க்காரருக்குச் சொந்தம், சாக்கில் கட்டி மோட்டாரோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பன்னிரண்டு வருஷத் தொழிலில் ராக்கையா ஒரு முழம் கம்பி மறைத்தவன் இல்லை. அந்த ஒரு தடவை மட்டும், கருகாத பக்கத்துச் சுருள் இரண்டை மாமனாரிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டான். மாமனார் கம்பி நம் வீட்டுக் கம்பிதானே என்று மனசுக்கு ஒரு சமாதானம். வரப்போகிற வினை அதில் ஏறி உட்கார்ந்திருப்பது அப்போது அவனுக்குத் தெரியாது.

மோட்டார்க் கம்பி தடிமனானதால் சுற்றிய சுருள் சோற்று டப்பா அளவுக்கு வந்தது. உளி வைத்துக் கிட்டாரின் வயிற்றைத் தோண்டி அதை உள்ளே இறக்கினான். பழைய ஸ்பீக்கர் காந்தங்களை உடைத்து நடுவில் வைத்தான். கம்பிகளைத் தாங்கும் குதிரையை ஈட்டி மரத்தில் செதுக்கினான். சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகுக்கு ஜீப்பின் சோக் குமிழ். மூன்றாவது கம்பிக்கு சைக்கிள் பிரேக் ஒயர். நாலாவது கம்பி கொஞ்சம் பாடுபடுத்தியது. குட்டைக் கிட்டாரில் தடிக்கம்பி தொய்ந்து பாவாடை நாடாபோல் தொங்கும். ஆகவே ஜீப்பின் கிளட்ச் கேபிளைப் பிரித்து உள்ளிருந்த ஒற்றை எஃகை எடுத்து, மாமனார் செம்பில் மிச்சமிருந்ததை அதன்மேல் நெருக்கமாகச் சுற்றினான். கடைசியில் சுருளை வார்னிஷில் முக்கி, மோட்டார் காயவைக்கிற பல்புப் பெட்டிக்குள் மூன்று நாள் வைத்து எடுத்தான். கிட்டாரின் எடை இரண்டு பங்கானது. தோளில் வார் பதிந்த தழும்பு அவனுக்குச் சாகிறவரை இருக்கும். யாராவது கேட்டால் சட்டையை விலக்கிக் காட்டுவான்.

பால்சாமி என்பவர் அப்போது போடியில் மெல்லிசைக் குழு நடத்தி வந்தார். அக்கார்டியன் வாசிப்பார், நல்ல கை. தேனிக்கும் கம்பத்துக்கும் இடையில் எந்தக் குழுவிலும் பேஸ் கிட்டார் இல்லை என்பதால் ராக்கையாவைச் சேர்த்துக்கொண்டார். மேடையில் விரல் ஓடியது. ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. பெட்டியை மாற்றினார்கள், ஒயரை மாற்றினார்கள், பலனில்லை. தண்ணீர் இறைக்காத மோட்டாருக்குச் சொல்வதுபோல் கூட்டத்திலிருந்து ஒருவன், “ராக்கண்ணே, ஏர் புடிச்சிருக்கும், தண்ணி ஊத்திப் பாருங்க” என்றான். ஊமைக் கிட்டார் என்று பட்டப்பெயர் விழுந்தது. முதல் இரண்டு கச்சேரியும் சனிக்கிழமையில் நடந்தவை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் ஆள் இல்லாததால் அவற்றைக் கேட்டவை கருங்குரங்குகள் மட்டும்தான். மூன்றாவதுதான் நவராத்திரிக் கச்சேரி.

மறுநாள் ஜீப்பிலிருந்து இறங்கிய வேலுத்தாய் நேரே கடைக்கு வந்தாள். “இந்தாருங்க, நாலாவது பாட்டுல ஒரு எடத்துல சறுக்கிட்டீகள்ல?”

ராக்கையாவின் கையிலிருந்த குறடு கீழே விழுந்தது. அந்தச் சறுக்கல் அவனுக்கும் அவன் சுண்டுவிரலுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். “ஒனக்கு யாரு சொன்னா?”

“பதினோரு மணிக்கு மேலே வந்துச்சு. எனக்கு மட்டுமா, தோட்டத்துக்கே கேட்டுச்சு. கங்காணி வேலையை நிப்பாட்டச் சொல்லிட்டு அவரும் குத்தவச்சுக் கேட்டாரு.”

“நல்லா இருந்துச்சா?”

“அந்தச் சறுக்கலத் தவுத்து” என்றாள்.

ராக்கையா சந்தேகப் பேர்வழி. அடுத்த வாரம் ஒருநாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையில் உட்கார்ந்து நாலு பாட்டு வாசித்துவிட்டு, விடிந்ததும் ஒச்சப்பன் ஜீப்பில் ஏறித் தன் சத்தத்தைத் துரத்திப் போனான். பதினைந்தாம் வளைவில் அதைப் பிடித்தார்கள். காதுக்குக் கேட்கவில்லை, ரோட்டில் உள்ளங்கையை வைத்தால் தண்ணீர் ஓடுகிற இரும்புக் குழாயைத் தொட்டதுபோல் அதிர்ந்தது. குறுக்குப் பாதை அதற்குத் தெரியாது, ரோட்டிலேயே இடது ஓரமாகப் போனது. நேர் ரோட்டில் ஆள் நடக்கிற வேகம், வளைவில் லாரியைப்போல அகலம் வாங்கித் திரும்பியது. மலை ரோட்டில் ஒரு சட்டம்: ஏறுகிறவனுக்கு இறங்குகிறவன் வழி விட வேண்டும். எதிரே வந்த எஸ்டேட் ஜீப் ஒன்று, என்ன என்று தெரியாமலே, ஏதோ கனமாக ஏறி வருகிறது என்ற உணர்வில் ஒதுங்கி நின்றதை இருவரும் பார்த்தார்கள். பதினாறாம் வளைவில் ராக்கையா இறங்கிக்கொண்டான். மேலே போனால் காதால் கேட்டிருக்கலாம். ஒச்சப்பன் எவ்வளவோ சொன்னான். ராக்கையா கேட்கவில்லை. “தனியாக் கேட்டா அது மோட்டார் சத்தம்டா. பாட்டோட சேத்து மேடையில கேக்கணும். அன்னிக்குத்தான் நான் கேப்பேன்” என்று சொல்லிவிட்டு இறங்குகிற பஸ்சைப் பிடித்தான். தாலி கட்டும்வரை பெண் முகம் பார்க்காத பழைய காலத்து மாப்பிள்ளையின் பிடிவாதம் அது. நாலு வருஷம் அதைக் காப்பாற்றினான்.

மலைமேலே கிட்டாரைக் கொண்டுபோய் வாசித்தும் பார்த்தான். சுத்தமாகச் சத்தமே எழவில்லை. பெட்டியை மாற்றி, கம்பியை மாற்றி, கடைசியில் 1977இல் வைண்டிங்காரன் புத்தி வேலை செய்தது. மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் கம்பி முனைகளை மாற்றிக் கொடுப்பார்கள். அதேபோலச் சுருளின் இரண்டு முனைகளையும் மாற்றிப் பற்றவைத்து வாசித்தான். இந்தத் தடவை சத்தம் மலை ஏறவில்லை. கீழே இறங்கிப் போய் ஊர்க் கிணறுகளில் விழுந்தது. போடியைச் சுற்றி ஏழு மைலுக்குக் கிணறுகள் முனகின. மாடு கட்டிக் கமலை இறைத்த காலத்துப் பழைய கிணறுகளில் தவளைகள் படியேறி வந்து கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தன. தண்ணீர் இறைத்த பெண்களுக்குக் கயிறு கையில் தாளம் போட்டது. மூன்றாம் நாள் பெரியகருப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்.

“மாப்ளே, என் கெணத்துல பாட்டு ஊறுது. மாடு தண்ணி குடிக்க மாட்டேங்குது, நின்னு கேக்குது. என்ன சோலி பாத்து வச்சிருக்கீரு?”

பிரித்துப் போட்டிருந்த கிட்டாரின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தவர், சுருளை விரலால் தடவினார். தன் பிள்ளையின் மச்சம் தெரியாத தகப்பன் உண்டா? “இது என் மோட்டாருக் கம்பியில்ல?” என்றார். ராக்கையா தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டான். மாமனார் அடிப்பார் என்று எதிர்பார்த்தான். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எட்டு வருசம் எம்பது அடி ஆழத்துலருந்து தண்ணிய மேலே ஏத்தின கம்பி மாப்ளே இது. ஏத்துறதத் தவுர அதுக்கு வேற என்ன தெரியும்? அதப் போட்டுத் தலைகீழாத் திருப்பி விட்டிருக்கீரே, அறிவிருக்கா ஒமக்கு?”

அந்த நொடியில் ராக்கையாவுக்கு எல்லாம் விளங்கியது. குழாய்க்குள் ஏறுகிற தண்ணீர் வழியில் யாருக்கும் தெரியாது. தொட்டி வாயில்தான் கொட்டும். போடியில் மோட்டார், போடிமெட்டில் தொட்டி. தொட்டிக்குப் பக்கத்தில் மோட்டாரை வைத்தால் தண்ணீர் எங்கிருந்து வரும்? அவன் முனைகளைப் பழையபடி மாற்றிப் பற்றவைத்தான். பெரியகருப்பன் கம்பியைத் திருப்பிக் கேட்கவில்லை. அன்றிலிருந்து டீக்கடையில் உட்கார்ந்து, மலைமேல் பாடுவது தன் கிணற்றுச் செம்பு என்று சொல்ல ஆரம்பித்தார். கிணறு வைத்திருந்த மற்ற சம்சாரிகள் தங்கள் மோட்டாரையும் தட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

பால்சாமிக்குத்தான் இதில் எதுவும் ஏறவில்லை. நாலு வருஷமாகக் கீழே ஊமையாக நிற்கும் கிட்டாருக்காக மேலே கைதட்டுகிறார்கள் என்றால் எந்தக் குழு நடத்துகிறவருக்குத்தான் எரிச்சல் வராது? மெல்லிசுக் கம்பிச் சுருள் ஒன்றை மதுரையில் தேடிப்பிடித்து அவரே வாங்கி வந்து கொடுத்தார். ராக்கையா தொடவில்லை. “இத மாத்தினா நல்லாத்தாண்ணே கேக்கும். ஆனா அது எங் கிட்டாரு இல்ல” என்றான். 1979 மாசியில் பேச்சு முற்றியது. மதுரையில் முப்பத்திநாலு அங்குல நீளக் கிட்டார்க்காரன் ஒருவன் வரத் தயாராக இருக்கிறான் என்றார் பால்சாமி.

“அப்ப ஒரே ஒரு கச்சேரி குடுங்கண்ணே. போடிமெட்டு எஸ்டேட்ல பங்குனிப் பொங்கலுக்கு நம்ம குழுவத்தான் கேட்டிருக்காங்க. அங்க எங் கிட்டாரு பாட்டோட சேரும்.”

“சேரலேன்னா?”

“சேரலேன்னா இத ஒங்க கையில குடுத்துட்டுப் போயி மோட்டாரச் சுத்துறேன்.”

“எனக்கு எதுக்குய்யா இது? அடியில அறுத்து மைக் ஸ்டாண்டுக்குக் கட்டை போடுவேன், பாத்துக்க” என்றார் பால்சாமி. பேச்சு பேச்சுதான் என்று இருவரும் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள்.

மலையில் மத்தியானத்துக்கு மேல் மேகம் இறங்கி மைக்கை நனைத்துவிடும் என்பதால் அங்கே கச்சேரி எப்போதும் காலை பத்து மணிக்கு. பத்து மணிக்கு மேலே சேர வேண்டுமானால் முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கீழே கிளம்ப வேண்டும். பாட்டு வரிசையைப் பால்சாமி எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் அவர் எத்தனை நிமிஷம் பேசுவார் என்பதை ராக்கையா நாலு வருஷமாகப் பக்கத்தில் நின்று அறிந்தவன், அதையும் குறித்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரியாக ஆறுக்குக் கடையில் நின்று, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, பாட்டும் இல்லாமல் தாளமும் இல்லாமல், பன்னிரண்டு பாட்டுக்கும் தன் பங்கைத் தனியாக வாசித்தான். பால்சாமி பேசும் இடங்களில் கம்பிமேல் கையை வைத்துப் பேசாமல் நின்றான். வேடிக்கை பார்த்தவர்களுக்குக் கேட்டது விரல் கம்பியில் படும் டிக் டிக் மட்டும். இரண்டாம் பாட்டு நடுவில் கன்னையன் என்கிற சம்சாரி, புகைந்த மோட்டாரைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து, “ராக்கு, இத எங்க வைக்க?” என்றார். “அந்தாக்கில வையும்” என்று ராக்கையா கையைக் காட்டினான். காட்டிய கை வாசிக்கிற கை. இரண்டு தட்டு விட்டுப்போயிற்று. மேலே போன தண்ணீரைத் திரும்பக் கூப்பிட முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தை வாசித்து முடித்தான்.

மறுநாள் காலை பத்து மணி. எஸ்டேட் மைதானத்தில் ஐந்நூறு பேர். ராக்கையா கிட்டாரைத் தோளில் மாட்டி, எந்த ஒயரும் செருகாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மாமனார் முதல் வரிசையில் புதுத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். மோட்டாரைக் கொடுத்த கையோடு கன்னையனும் வந்திருந்தார். முதல் பாட்டு தொடங்கியது. கிட்டார் வரவில்லை. முதல் பாட்டு முடிந்தது. வரவில்லை. இரண்டாம் பாட்டில் பால்சாமி அக்கார்டியன் மடிப்புக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். ராக்கையாவின் காதோரம் வியர்வை இறங்கியது. மலைக் குளிரில் வியர்த்தவன் அன்றைக்கு அவன் ஒருவன்தான். வேலுத்தாய் கூட்டத்தை விட்டு எழுந்து ரோட்டுக்குப் போய், குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். குழாய் காய்ந்து கிடந்தது. நேரே ஒச்சப்பனிடம் ஓடினாள்.

“அண்ணே, வழியில எங்கேயோ அடைப்பு. வெரசாப் போயிப் பாருங்க.”

ஒச்சப்பன் ஜீப்பைக் கீழே விட்டான். பதினாறாம் வளைவில், மரம் ஏற்றி இறங்கிய லாரி ஒன்று, டயர் பஞ்சராகி, ஏறுகிறவன் ஓரத்தை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. ஒதுங்கி ஒதுங்கி ஜீப்புகள் ஏறிவிட்டிருந்தன. குட்டைக் கிட்டாரின் சத்தம் அகலமானது, அதனால் ஒதுங்க முடியவில்லை. லாரிக்குக் கீழ்ப்பக்கத்தில் ரோட்டோரச் சரளைக்கல் எல்லாம் குதித்துக்கொண்டிருந்தது. லாரி டிரைவர் கல்லின்மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

“யோவ், ஏர்றதுக்கு வழி விடாம நடு வளைவுல டயரக் கழட்டி வச்சிருக்கீரே, நீரு மலை ரோட்டுல ஓட்டுறவருதானா?”

“ஏர்றதா? எது ஏறுது?”

“வண்டியத் தொட்டுப் பாரும்.”

அவர் தொட்டுப் பார்த்தார். பீடியைக் காலில் போட்டு அணைத்தார். இரண்டு பேருமாக ஜாக்கியைப் போட்டு, கழற்றிய டயரையே திரும்ப மாட்டி, லாரியை மெல்ல முன்னால் உருட்டி மறு ஓரமாக ஒதுக்கினார்கள். அடைபட்ட தண்ணீர் மதகு திறந்ததும் பாய்வதுபோல் சத்தம் பாய்ந்தது. ஒச்சப்பன் ஜீப்பை விரட்டியும் அதை முந்த முடியவில்லை.

மேலே மூன்றாம் பாட்டு முடிந்து கைதட்டலும் ஓய்ந்திருந்தது. பால்சாமி மைக்கை விட்டு விலகி வந்து ராக்கையாவின் முன்னால் கையை நீட்டினார். கோபமாக நீட்டவில்லை, வாக்கு வாக்கு என்பதால் நீட்டினார். ராக்கையா வாரைத் தலைவழியே கழற்றினான். ஆறு வருஷத்தில் அதை இன்னொருவர் கையில் அவன் கொடுத்ததில்லை. பாதிக் கை நீட்டியிருக்கும்போது, ரோட்டில் மண்டியிட்டிருந்த வேலுத்தாய் சேலையை அள்ளிக்கொண்டு ஓடிவந்து கூட்டத்துக்கு நடுவில் நின்று கத்தினாள்.

“ஒன்ஸ்மோர்! மொதப் பாட்டு ஒன்ஸ்மோர்! வருது, வெரசாத் திரும்பப் பாடுங்கய்யா!”

ஒன்ஸ்மோர் என்று ஒரு குரல் கேட்டால் ஐந்நூறு குரல் சேர்வது நம் ஜனங்களின் இயல்பு. மைதானமே கத்தியது. ஒன்ஸ்மோர் கேட்டுப் பாடாத குழு உருப்படாது என்பது பால்சாமிக்குத் தெரியும். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு போய் அக்கார்டியனைத் தூக்கினார். முதல் பாட்டின் முதல் வரி எழும்பியதும், மேடைப் பலகைக்குக் கீழிருந்து அது வந்தது. ஓடிவந்த மூச்சிரைப்பில் முதல் இரண்டு அடி கொஞ்சம் விரைசலாக விழுந்தது. பிறகு நிதானித்து, பாட்டின் இடுப்பில் கையைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டது. மேடையில் இருந்த தண்ணீர்ச் செம்பில் வட்டம் வட்டமாக அலை விரிந்தது. மைதானத்து ஓரம் காயப்போட்டிருந்த ஏலக்காய் பாயோடு எழுந்து எழுந்து அமர்ந்தது. கைக்குழந்தைகள் அழுகையை நிறுத்தின. பால்சாமி கண்ணை மூடிக்கொண்டார். கீழே விழ நினைத்தாலும் விழ விடாத தரை ஒன்று தன் அக்கார்டியனுக்கு அடியில் முளைத்திருப்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தார்.

ராக்கையா கழற்றிய கிட்டாரைக் கையில் பிடித்தபடி நின்றான். தான் சுற்றிய சுருளின் குரலை அவன் முதல்முறையாகக் கேட்டான். மாமனாரின் கிணற்று ஆழம் அதில் இருந்தது. கிளட்ச் கேபிளின் முரட்டுத்தனம் இருந்தது. ஈட்டி மரத்தின் குளிர்ச்சி இருந்தது. முப்பது அங்குலத்திலிருந்து வருகிற சத்தம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தோள் தானாக விரிந்தது. அன்றைக்கு எடுத்த போட்டோ ஒன்று இருக்கிறது. அதில் ராக்கையா பால்சாமியைவிட ஒரு சாண் உயரமாக நிற்கிறான். காலுக்குக் கீழே பெட்டி ஒன்றும் இல்லை, நன்றாகப் பார்த்தாகிவிட்டது. இரண்டாம் பாட்டும் திரும்பப் பாடப்பட்டது. அதன் நடுவில் இரண்டு தட்டு விட்டுப்போன இடத்தில், மேடையிலிருந்தபடியே ராக்கையா கன்னையனை விரல் நீட்டிக் காட்டி, “அந்தா ஒக்காந்திருக்காருல்ல, அவரு வந்த நேரம் இது” என்று மைக்கில் சொன்னான். கன்னையன் எழுந்து கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். கடைசிப் பாட்டு முடிந்து மேகம் இறங்கியபோது, பெரியகருப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நம்ம செம்பு” என்று பக்கத்தில் இருந்த எஸ்டேட் மேனேஜரிடம் சொன்னார். வேலுத்தாய் மட்டும் வீடு திரும்பும் ஜீப்பில், ஒன்பதாவது பாட்டில் ஒரு சறுக்கல் இருந்ததாகச் சொன்னாள். ராக்கையா அதை ஒப்புக்கொண்டான்.

மதுரை நீளக் கிட்டார்க்காரனுக்குப் பால்சாமி வர வேண்டாம் என்று கார்டு போட்டார். அதன்பின் குழுவின் நோட்டீஸ்களில் இரண்டு நேரம் அச்சானது: கச்சேரி ஞாயிறு காலை பத்து மணி, போடிமெட்டு, பேஸ் கிட்டார் சனி மாலை ஆறு மணி, ராக்கையா கடை. மலையேற முடியாதவர்கள் கடைக்கு வந்து விரலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மேலே போனவர்கள் சத்தத்தைக் கேட்டார்கள். இரண்டையும் பார்த்தவர்கள் அதிகம் இல்லை. வைண்டிங் கடைக்குள் வாசிக்கும் நேரத்தில் மோட்டார் கொண்டுவருகிறவர்கள் வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு, முடியும்வரை வெளியிலேயே நின்றார்கள்.

1988இல் ஒருநாள் விடியற்காலை, ஒச்சப்பன் காலி ஜீப்போடு இறங்கி வந்துகொண்டிருந்தான். ஒன்பதாம் வளைவில் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்து, கையிலிருந்த டீ கிளாஸைப் பானட்டின்மேல் வைத்தான். எதிரே ரோடு காலியாகக் கிடந்தது. பின்னால் மலையாளத்து லாரி ஒன்று வந்து நின்றது. அந்த ரோட்டுக்குப் புதுசு. இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு டிரைவர் இறங்கி வந்தார்.

“எந்தா சேட்டா, வண்டி ஒண்ணும் காணுன்னில்லல்லோ?”

“ஏறி வருதுல்ல. போகட்டும்” என்றான் ஒச்சப்பன்.

டிரைவர் ரோட்டைப் பார்த்தார். ஜீப் பானட்டின்மேல் இருந்த டீ கிளாஸ் மெல்ல நகர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். பானட்டில் கையை வைத்துப் பார்த்தார்.

“லோடு கூடுதலாணோ?”

“கூடுதல்தான். நாலு கம்பி.”

அவர் தலையாட்டிவிட்டுப் போய், லாரியை நாலடி பின்னால் எடுத்து, ஏறுகிற ஓரத்தை நன்றாக விட்டுக்கொடுத்து நின்றார். அது கடந்துபோக ஒரு பாட்டு நேரம் ஆயிற்று. பிறகு இரண்டு பேரும் வண்டியை எடுத்தார்கள்.